ஓமனைச் சுற்றிப் பார்க்க எந்த வண்டி? சின்ன கார், ஃபோர்வீல், டிரைவரோடு வண்டி, பஸ்: ஓர் ஒப்பீடு

ஓமன் போக முடிவு செய்தவர்கள் திட்டம் போடும்போது தடுக்கி நிற்கும் இடம் வண்டி. "ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) இல்லாமல் ஓமனில் ஒன்றும் பார்க்க முடியாது" என்பார் ஒருவர். "சின்ன காரிலேயே எல்லாம் பார்த்துவிட்டோம்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் போன இடங்கள்தான் வேறு வேறு.

ஓமனின் பிரதான சாலைகள் வளைகுடாவிலேயே நல்ல சாலைகளில் சேர்த்தி. கோட்டைகள், கடற்கரை, பெரும்பாலான வாதிகள் (மலைகளுக்கு நடுவே ஓடும் காட்டாற்றுப் பள்ளத்தாக்குகள்) எல்லாவற்றுக்கும் தார்ச்சாலை இருக்கிறது. வழக்கமான சுற்றுப்பயணத்தில் ஃபோர்வீல் இல்லாமல் முடியவே முடியாது என்ற இடங்கள் மூன்று நான்குதான். அவற்றில் எத்தனை உங்கள் திட்டத்தில் இருக்கின்றன, அங்கே நீங்களே ஓட்டிப் போக வேண்டுமா, யாராவது ஏற்றிச் சென்றால் போதுமா என்று தெளிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, பாதை. ஒரு வாரத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் போகும் சுற்று இது: மஸ்கட், அங்கிருந்து உள்நாட்டில் சுமார் 160 கி.மீ. தள்ளி நிஸ்வா, அதைச் சுற்றி பஹ்லா கோட்டை, மிஸ்ஃபா மலையூர், ஜபல் ஷம்ஸ், ஜபல் அக்தர் (ஜபல் என்றால் மலை), பிறகு கிழக்கே பிதியா வழியாக வஹீபா மணற்காடு, வாதி பனீ காலித், ஆமைகள் முட்டையிடும் ராஸ் அல் ஜின்ஸ், சூர், கடலோர நெடுஞ்சாலையில் வாதி ஷாப், நிலம் உள்வாங்கி நீர் நிற்கும் பிம்மா பள்ளம் பார்த்துவிட்டு மீண்டும் மஸ்கட். கிளை வழிகளையும் சேர்த்தால் 1,000 முதல் 1,100 கி.மீ. வரும்.

இதில் நான்கு துண்டுகளை மட்டும் தனியாகப் பாருங்கள்.

ஜபல் அக்தர்: மேலே வரை தார்ச்சாலைதான். ஆனால் பிர்கத் அல் மவ்ஸ் ஊரைத் தாண்டியதும் உள்ள போலீஸ் சாவடியில் ஃபோர்வீல் இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தோற்றத்தில் எஸ்யூவியாக இருந்தால் போதாது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் எஸ்யூவிக்கும் அனுமதி கிடையாது. காரணம் ஏற்றம் அல்ல, இறக்கம். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி, பாதி வழியில் பிடிக்காமல் போகும்.

வஹீபா மணற்காடு: இங்கே தடுக்கப் போலீஸ் இல்லை. மணலே தடுத்துவிடும்.

வாதி பனீ அவ்ஃப்: அல் ஹம்ராவிலிருந்து ஷரஃப் அல் அலமைன் கணவாய் வரை தார். அதற்கப்பால் ஹாத், பிலாத் சைத் வழியாக ருஸ்தாக் பக்கம் இறங்குவது பாறையும் சரளையுமான ஒற்றைத் தடம். அனுபவமுள்ள கை வேண்டும்.

ஜபல் ஷம்ஸ்: பெரும்பகுதி தார், மேலே சில கி.மீ. சரளை. மழையில்லா நாளில் சின்ன கார்கள் மெதுவாக ஏறிவிடுகின்றன. ஆனால் வாடகை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, ஆள் கணக்கு. வாடகை வண்டிக்கு இரண்டு பேர் போனாலும் நான்கு பேர் போனாலும் ஒரே காசு. பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு. நான்கு பேரானால் கணக்கே மாறிவிடும்.

மூன்றாவது, யார் ஓட்டுவது. ஓமனில் வலப்பக்கம் ஓட்டவேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு நேர்சாலையில் இது சிரமம் தராது. ரவுண்டானாவில்தான் தடுமாற்றம் வரும். ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றுபவருக்கே முதல் உரிமை. உள்ளே நுழைபவர் காத்திருக்க வேண்டும். பார்வை இடப்பக்கம் போகவேண்டிய நேரத்தில் பழக்கதோஷத்தால் வலப்பக்கம் போகும். முதல் நாளே மஸ்கட் மாலை நெரிசலில் கார் எடுக்காமல், மறுநாள் காலையில் எடுத்து நேராக ஊருக்கு வெளியே போய்விடுவது நல்லது.

நான்காவது, பருவம். அக்டோபர் பிற்பகுதி முதல் மார்ச் வரை வட ஓமனுக்கு உகந்த காலம். மே முதல் செப்டம்பர் வரை உள்நாட்டில் 45 பாகை வரை ஏறும். அப்போது கூடாரம் போட்டுத் தங்கும் திட்டமே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சின்ன கார் | ஃபோர்வீல், நீங்களே ஓட்டுவது | டிரைவரோடு வண்டி | பஸ், டாக்சி |
|---|---|---|---|---|
| நாள் வாடகை | சுமார் 10–15 ரியால் | சுமார் 30–45 ரியால் | ஃபோர்வீல் வாடகையைப் போல இரண்டு மூன்று மடங்கு | மிகக் குறைவு, ஆனால் கடைசிக் கி.மீ. டாக்சிச் செலவு தனி |
| ஜபல் அக்தர் | கீழே நிறுத்திவிட்டு வேறு வண்டியில் | நேராக | நேராக | நிஸ்வாவிலிருந்து பேசிப் போகவேண்டும் |
| மணற்காடு | முகாம் வண்டியில் | ஓட்டத் தெரிந்தால் | கவலையில்லை | மிகச் சிரமம் |
| வாதி ஷாப், பிம்மா, பனீ காலித் | தாராளமாக | தாராளமாக | தாராளமாக | கிட்டத்தட்ட முடியாது |
| கூடாரம் | கடற்கரையில் ஓரளவு | மிக வசதி | அரிது | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | காப்பீட்டு விலக்கு, ஏற்றிச் செல்லும் கூலி | பெட்ரோல், டயர், மணலில் சேதம் | டிரைவரின் தங்கல், கூடுதல் மணி நேரம் | நேரம் |
| யாருக்கு | தம்பதி, சிறு குடும்பம் | கூடாரம் போடும் நால்வர் | பெற்றோரோடு வருபவர், லைசென்ஸ் இல்லாதவர் | தனி ஆள், இரண்டு மூன்று ஊர் மட்டும் |

1 ரியால் ஏறத்தாழ 2.6 அமெரிக்க டாலர். டாலரோடு அந்த விகிதத்தில் மாறாமல் கட்டி வைத்திருக்கிறார்கள். 1 ரியாலுக்கு 1,000 பைசா.

## சின்ன கார்

பெரும்பாலோருக்கு இதுவே சரியான தேர்வு. கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

ஏழு நாள், 1,100 கி.மீ. சின்ன கார் நாளுக்கு 12 ரியால் என்றால் 84 ரியால். லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் 79 லிட்டர். லிட்டர் சுமார் 240 பைசா, ஆக 19 ரியால். மொத்தம் 103. ஃபோர்வீல் நாளுக்கு 35 என்றால் 245; லிட்டருக்கு 8 கி.மீ., 137 லிட்டர், 33 ரியால். மொத்தம் 278. இப்போது சின்ன கார்க்காரர் ஜபல் அக்தருக்கு ஒருமுறை, மணற்காட்டு முகாமுக்கு ஒருமுறை என இரண்டு தடவை வேறு வண்டிக்குக் காசு கொடுக்கிறார். அந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு முழுநாள் ஃபோர்வீல் வாடகையே ஆனாலும் கூடுதலாக 70 ரியால்தான். மொத்தம் 173. நூறு ரியாலுக்கு மேல் மிச்சம்.

மணற்காட்டு முகாம்கள் இதற்குப் பழகியவை. பிதியா, அல் வாஸில் ஊர்களில் குறிப்பிட்ட பெட்ரோல் பங்க் அருகே வந்து அழைத்துப் போவார்கள். கார் ஊரிலேயே நிற்கும். அறை பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: ஏற்றிச் செல்வதற்குக் கட்டணம் எவ்வளவு, ஆளுக்கா வண்டிக்கா, மறுநாள் காலை எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவிடுவார்கள். சூரிய அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது ஊருக்குப் போய்ச் சேருங்கள். தாமதமானால் மணல்மேட்டில் ஏறும் நேரம் போய்விடும். அந்த மாலைக்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

ஜபல் அக்தருக்கு பிர்கத் அல் மவ்ஸில் உள்ளூர்க்காரர்கள் ஃபோர்வீல் வண்டியோடு இருப்பார்கள். விலை பேசும்போது "போய்வர" என்று மட்டும் பேசக்கூடாது. மேலே எத்தனை மணி நேரம் காத்திருப்பார், எந்தெந்த ஊர் நிறுத்துவார் என்று பேசவேண்டும். அல் அக்ர், அல் அய்ன், அஷ் ஷுரைஜா என்று மலைவிளிம்பில் தொங்கும் படிக்கட்டு வயல்களை நடந்து பார்க்கக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். ரோஜா பூத்துப் பன்னீர் வடிக்கும் ஏப்ரல் மாதமானால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் பேசுங்கள்.

இந்தத் தேர்வின் பலவீனம் காப்பீடு. ஒப்பந்தத்தில் "தார்ச்சாலை தவிர்த்த இடங்களில் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்ற வரி அநேகமாக இருக்கும். ஜபல் ஷம்ஸ் சரளையில் கல் தெறித்து அடிப்பாகத்தில் எண்ணெய்த் தொட்டி ஓட்டையானால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். இழுவை வண்டி மலையேறி வரும் கூலியும் சேரும். அங்கே போகவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டால், மேலே உள்ள தங்குமிடத்தாரிடம் அழைத்துச் செல்ல வண்டி கேளுங்கள். போவது வீண்போகாது: அல் கிதைம் ஊரிலிருந்து பள்ளத்தாக்கின் விளிம்போடு, கைவிடப்பட்ட அஸ் ஸாப் கிராமத்துக்குப் போகும் பால்கனி நடை ஓமன் முழுவதிலும் நடந்தே ஆகவேண்டிய பாதை. போய்வர நான்கு மணி நேரம். ஏறுவதும் இறங்குவதும் குறைவு. ஆனால் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். சிறு பிள்ளைகளோடு போகாதீர்கள்.

மற்ற எல்லாமே சின்ன காருக்கு எட்டும். நிஸ்வா கோட்டை 17ஆம் நூற்றாண்டு. அதன் கொழுத்த வட்டக் கோபுரம் ஊருக்கே அடையாளம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டுச்சந்தையைப் பார்க்க வேண்டுமானால் வியாழன் இரவு நிஸ்வாவில் தங்குவதுபோலச் சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். பஹ்லா கோட்டை 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாதி ஷாப்பில் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டு, ஆளுக்கு 1 ரியால் கொடுத்துப் படகில் கடந்து, முக்கால் மணி நேரம் நடந்து, பிறகு நீந்தினால் குகைக்குள் விழும் அருவி. நீந்தத் தெரியாதவர் அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடத்தான் வேண்டும். வழுக்காத செருப்பும், செல்பேசிக்குத் தண்ணீர் புகாத பையும் கட்டாயம்.

சாப்பாட்டுக்கு எந்தத் தேர்விலும் கவலை இல்லை. இப்ரா, சூர், நிஸ்வா என எந்த ஊரிலும் மலையாளிகள் நடத்தும் சின்ன உணவகம் இருக்கும். பரோட்டா, பருப்பு, முட்டைக்கறி, சாயா கிடைக்கும். சைவம் கேட்டால் புரியும்.

## ஃபோர்வீல், நீங்களே ஓட்டுவது

இதற்குக் காசு கொடுப்பது இரண்டு நிலைமைகளில் நியாயம்: நீங்கள் நான்கு பேராகக் கூடாரத்தோடு போகிறீர்கள், அல்லது வாதி பனீ அவ்ஃப் போன்ற மலைத்தடங்களே உங்கள் பயணத்தின் நோக்கம். வெறுமனே "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுப்பவர்கள் ஏழு நாளில் ஐந்து நாள் தார்ச்சாலையில் பெட்ரோலை எரித்துக்கொண்டிருப்பார்கள்.

கூடாரம் போடுவதென்றால் கணக்கு தலைகீழ். ஓமனில் பெரும்பாலான இடங்களில் பொது நிலத்தில் கூடாரம் போடுவதற்குக் கட்டணமில்லை. ஊர் மக்களின் வீடுகள், தோட்டங்கள், ஆமைகளுக்கான காப்புக் கடற்கரைகளிலிருந்து விலகி இருந்தால் போதும். நால்வருக்கு இரண்டு அறை என்று ஆறு இரவு ஓட்டல் காசு மிஞ்சினால், ஃபோர்வீலின் கூடுதல் வாடகை அதிலேயே அடங்கிவிடும். ஓட்டலில் அறை விலைக்கு மேல் சேவைக் கட்டணம், நகராட்சி, சுற்றுலா வரிகள், 2021 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி எல்லாம் ஏறும். விலையை ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஜபல் ஷம்ஸ் மேல் இரவில் உறைபனிக்கு அருகே போகும். கடற்கரையில் போதும் என்று வாங்கிய மெல்லிய தூக்கப்பை அங்கே உதவாது.

மணலில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் டயர்க் காற்றில் தொடங்கும். சாலையில் 32–35 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை மணலுக்குள் நுழையுமுன் 15–18 அளவுக்கு இறக்கவேண்டும். டயர் பரந்து, மணல்மேல் மிதப்பதுபோல் போகும். இறக்காமல் நுழைந்தால் முதல் மேட்டிலேயே புதையும். புதைந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பது இரண்டாவது தவறு; சக்கரம் சுழன்று தானே குழி தோண்டிக்கொள்ளும், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். உடனே நிறுத்தி இறங்குங்கள். நான்கு சக்கரத்தின் முன்னாலும் பின்னாலும் மணலைத் தோண்டி, காற்றை 12 வரை இறக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்துவிட்டால் வண்டியைத் திருப்பாதீர்கள். குறுக்கே திரும்பும் வண்டிதான் உருளும். நேராகப் பின்னோக்கி இறங்குங்கள். நிறுத்தவேண்டுமானால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்கவிடுங்கள், அதுவும் இறக்கத்தில்.

வெளியே வந்ததும் மீண்டும் காற்றடிக்க மறப்பது மூன்றாவது தவறு, இருப்பதில் ஆபத்தானது. காற்றுக் குறைந்த டயரோடு தார்ச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். பிதியாவில் காற்றடித்துத் தரும் டயர்க்கடைகள் உள்ளன; நெடுஞ்சாலை ஏறுமுன் அங்கே நில்லுங்கள்.

ஒற்றை வண்டியாக மணலின் உட்பகுதிக்குப் போகாதீர்கள். வஹீபா வடக்குத் தெற்காகச் சுமார் 180 கி.மீ. நீளம். முகாம்களுக்குப் போகும் தடத்தில் வண்டி வந்துகொண்டிருக்கும்; அதைத் தாண்டினால் செல்பேசிச் சமிக்ஞையும் இல்லை, ஆளும் இல்லை. ஃபோர்வீலுக்கும் மணல், ஓடும் நீர் இரண்டிலும் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு கிடைக்காத ஒப்பந்தங்கள் உண்டு என்பதைக் கவனியுங்கள். வண்டி போகலாம் என்பதும், சேதமானால் காப்பீடு தரும் என்பதும் வேறு வேறு.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: முதல் மூன்று நாள் ஃபோர்வீலில் மஸ்கட், நிஸ்வா, மலைகள் பார்த்து மஸ்கட் திரும்பி, அதைக் கொடுத்துவிட்டு, சின்ன காரில் கடலோரம், சூர், பிதியா போய்வருவது. ஓட்டும் தூரம் கொஞ்சம் கூடும். வாடகை நான்கு நாளுக்குக் குறையும்.

## டிரைவரோடு வண்டி

அறுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவை அழைத்துப்போகிறீர்களானால் இங்கே கஞ்சம் பிடிக்காதீர்கள். நாள் முழுதும் ஓட்டிவிட்டு இரவு ஆமை பார்க்கக் காத்திருக்கும் பயணம் இது. ஓட்டுபவரே களைத்தால் யாருக்கும் சுகமில்லை. உள்ளூர் டிரைவருக்கு எந்த வாதியில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பாதை மழைக்குப் பின் மூடியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

விலை கேட்கும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கி.மீ.; டிரைவரின் தங்கலும் சாப்பாடும் யார் செலவு; ஜபல் அக்தரும் மணற்காடும் இந்த விலைக்குள்ளா; நுழைவுச்சீட்டுகள் சேர்த்தியா. மணல்மேடுகளில் வண்டியைப் பறக்கவிடும் விளையாட்டைத் தனியாகக் காசு வாங்கிச் செய்வார்கள். முதுகுவலி, இருதயப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதற்கு ஏறவே கூடாது. முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏழு நாளும் டிரைவர் தேவையில்லை. மஸ்கட் நகரத்துக்கு டாக்சிச் செயலியே போதும். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல் (2001இல் திறக்கப்பட்டது) முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் காலை 8 முதல் 11 வரை, வெள்ளிக்கிழமை தவிர. பெண்கள் தலைமுடியை மூடி, கை கால் மறைய உடுத்திப்போக வேண்டும். வாசலில் திருப்பி அனுப்பினால் அன்றைய காலையே வீண். முத்ரா சந்தைக்கு மாலை. இந்த இரண்டுக்கும் நாள் வாடகை கொடுத்து ஒருவரை நிறுத்திவைப்பது வீண்செலவு.

## பஸ்ஸும் டாக்சியும்

அரசு நிறுவனமான முவாஸலாத் மஸ்கட்டிலிருந்து நிஸ்வா, சூர், தெற்குக் கோடியில் உள்ள சலாலா போன்ற ஊர்களுக்கு பஸ் விடுகிறது. வண்டிகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் பார்க்கவேண்டிய இடம் எதுவும் பஸ் நிற்கும் இடத்தில் இல்லை. வாதி ஷாப், பிம்மா, ராஸ் அல் ஜின்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நெடுஞ்சாலையிலிருந்து தனி வண்டி வேண்டும். அங்கே டாக்சி நிற்பதில்லை.

ஆகவே தனி ஆளாக, லைசென்ஸ் இல்லாமல், குறைந்த காசில் வருபவர் முழுச் சுற்றையும் ஆசைப்படாமல் மஸ்கட், நிஸ்வா, சலாலா என்று மூன்றில் நின்றுவிடுவது நல்லது. நிஸ்வாவில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாளுக்கு உள்ளூர் டாக்சியைப் பேசி பஹ்லா, ஜப்ரீன் கோட்டை, மிஸ்ஃபா மூன்றையும் பார்க்கலாம். ஓமனின் பழைய ஊர் வாழ்க்கையும் ஃபலஜ் வாய்க்கால்களும் மிஸ்ஃபாவில் அருமையாகத் தெரியும். ஓமனின் ஐந்து ஃபலஜ் அமைப்புகள் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மலையடி நீரைப் பம்பு இல்லாமல் சரிவைக்கொண்டே தோட்டங்களுக்கு எடுத்து வந்து, வீட்டுக்கு வீடு நேரம் வைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. அந்த வாய்க்காலில் கால் கழுவாதீர்கள். ஊர் குடிப்பதும் அதே நீர்தான்.

## சலாலா: சாலையா, விமானமா

மஸ்கட்டிலிருந்து சலாலா சுமார் 1,000 கி.மீ. அதாம், ஹைமா, தும்ரைத் வழியாகப் போகும் சாலை தட்டையான கற்பாலை. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். பார்க்க ஏதுமில்லை. இரவில் ஒட்டகம் குறுக்கே வரும். நெட்டைக் கால்கள் மேல் நிற்கும் அந்த உடல் மோதினால் நேரே முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும். விமானம் ஒன்றரை மணி நேரம். நேரம் குறைந்தவர்கள் யோசிக்கவே வேண்டாம், பறந்துபோய் அங்கே ஒரு சின்ன கார் எடுங்கள். சாலையில் போவதற்கு ஒரே நியாயம் கடலோர வழி: அல் அஷ்கரா, துக்ம், ஹாஸிக், மிர்பாத் என்று மூன்று நான்கு நாள் கூடாரத்தோடு போவது. அது ஃபோர்வீல்காரர்களுக்கான பயணம்.

சலாலாவின் சிக்கல் பருவம். ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை கரீஃப் எனும் தென்மேற்குப் பருவக்காற்று வந்து தூறலும் மூடுபனியுமாக மலைகளைப் பச்சையாக்கும். அதே மாதங்களில் வட ஓமன் கொதிக்கும். அதனால் இரண்டையும் ஒரே பயணத்தில் நல்ல நிலையில் பார்க்க முடியாது. பச்சைக்காகவே போகிறவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்தைக் குறியுங்கள்: மழை ஓய்ந்திருக்கும், பச்சை மிச்சமிருக்கும், வளைகுடாக் கூட்டம் வடிந்து அறை வாடகை இறங்கியிருக்கும். கரீஃபில் கடலில் இறங்காதீர்கள்.

வரலாற்றுக்காகப் போகிறவர்களுக்கு எந்தக் குளிர்மாதமும் நல்லதே. சாம்பிராணி மரங்கள் நிற்கும் வாதி தவ்கா, அல் பலீத் துறைமுக இடிபாடுகள், கோர் ரோரி கழிமுகத்தில் சும்ஹுரம் கோட்டை நகரம் எல்லாம் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்தவை. சும்ஹுரமைத் தமிழர் யாரும் தவறவிடக்கூடாது. அங்கே நடந்த அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்தது. அதில் இருக்கும் பெயர் "நந்தை கீரன்" என்று படிக்கப்பட்டிருக்கிறது, காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. சாம்பிராணி ஏற்றிய அந்தத் துறையில், கீரன் என்று பெயர்கொண்ட ஒருவரின் பாண்டம் இருந்திருக்கிறது. கழிமுகம் கடலைப் பார்த்துத் திறக்கும் இடத்தில் நின்று அந்தச் சுவர்களைப் பார்க்க ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வழி முழுதும் தார். சின்ன கார் போதும்.

## எந்த வண்டியானாலும்: வாதி வெள்ளம்

மழை மலைமேல் பெய்யும். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கும். வெள்ளம் மட்டும் வந்து சேரும். காய்ந்த பாறைநிலம் நீரை உறிஞ்சாது, எல்லாம் ஒரே பள்ளத்தில் திரண்டு இறங்கும். 2024 ஏப்ரலில் ஸமத் அல் ஷான் பகுதியில் பள்ளிக் குழந்தைகள் வந்த வாகனம் அப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. சாலையைக் கடந்து ஓடும் நீரில் ஃபோர்வீலாக இருந்தாலும் இறங்காதீர்கள். தெரிந்தே இறங்குவது ஓமனில் தண்டனைக்குரிய குற்றம். பள்ளத்தாக்கின் படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் வாதி ஷாப்பைத் தள்ளிவைத்துக் கோட்டைகளைப் பாருங்கள்.

## துபாயிலிருந்து காரிலேயே வருபவர்களுக்கு

சொந்தக் காரானால் ஓமனுக்குச் செல்லுபடியாகும் காப்பீட்டு அட்டை வேண்டும். எல்லையிலும் வாங்கலாம், ஆனால் உங்கள் காப்பீட்டாரிடம் முன்பே கேட்டு வாங்குவது மலிவு. வாடகைக் காரானால் அந்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அதற்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து அவர்கள் வாங்கும் தொகையை மஸ்கட்டில் தனியாக வாடகைக்கு எடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நாளுக்குள் முடியும் பயணமானால் பறந்துவந்து எடுப்பதே பல நேரம் லாபம். ஒற்றை நுழைவு விசாவில் அமீரகத்துக்கு வந்திருப்பவர்கள் ஓமன் போனால் திரும்பி நுழையமுடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

## வண்டியைக் கையில் வாங்கும்போது

லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போங்கள். முன்பணம் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை மட்டும் நம்பிப் போனால் கவுன்டரிலேயே நின்றுவிடுவீர்கள். நாளுக்கு 200 அல்லது 250 கி.மீ. என்று வரம்பு இருந்தால், அது நாள்வாரியா மொத்தத்துக்கா என்று கேளுங்கள். மொத்தத்துக்கு என்றால் இந்தச் சுற்று எளிதாக அடங்கும். வேகக் கேமராக்கள் நெருக்கமாக இருக்கின்றன. அபராதம் சில நாள் கழித்து, நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்ந்து உங்கள் கார்டுக்கு வரும்.

காரைச் சுற்றி ஒரு காணொளி எடுங்கள்; சக்கர விளிம்பும் கண்ணாடியும் அடிப்பாகமும் அதில் தெரியவேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பானரும் உள்ளனவா என்று திறந்து பாருங்கள். ஃபோர்வீல் எடுப்பவர்கள் பதிவு அட்டையில் அது உண்மையிலேயே நான்கு சக்கர இழுவைதானா என்று சரிபார்த்து, செங்குத்தான இறக்கத்தில் வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும் லோ கியரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜபல் அக்தர் இறக்கத்தில் அதை நம்பித்தான் வரவேண்டும். மணலுக்குப் போவதாக இருந்தால் காற்று அளக்கும் மீட்டர், மண்வாரி, இழுவைக் கயிறு, மின்பம்பு நான்கையும் கேட்டு வாங்கி, பம்பை அங்கேயே ஒரு டயரில் மாட்டி ஓட்டிப்பாருங்கள்.